பம்பு நிக்கிற நாள்ல ஆறு என்ன ஆகும்? சுரங்கமும் தண்ணியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நிலத்தடி நீர் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க: ஆத்துப் பள்ளத்தாக்குல சுரங்கம் வந்தா தண்ணி என்ன ஆகும்? அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை சேர்த்துட்டேன், சிலதுக்கு நீளமா எழுதியிருக்கேன், பொறுத்துக்கோங்க.

கே: எங்க தோட்டத்துலேர்ந்து சுரங்கம் 3 கிலோமீட்டர். அஞ்சு வருஷமா கிணத்துல தண்ணி கீழ போயிட்டே இருக்கு. கேட்டா மழை இல்லைன்னு சொல்றாங்க. சுரங்கத்தாலயா மழையாலயான்னு எப்படி சார் கண்டுபிடிக்கறது?

ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அதுதான் இந்த கேள்வியில இருக்கிற கஷ்டமே. முதல்ல சுரங்கம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஆத்து மணல்ல ஊத்து தோண்டி தண்ணியை இறைச்சுக்கிட்டே இருந்தா சுத்தி இருக்கிற மணல் காய்ஞ்சு போகும்ல, அதேதான், என்ன, இங்க குழி நூறு இருநூறு மீட்டர் ஆழம், இறைக்கிறது ராத்திரி பகலா வருஷக்கணக்குல. குழிக்கு பக்கத்துல நீர்மட்டம் ரொம்ப கீழ, தூரம் போகப் போக கொஞ்சம் கொஞ்சமா மேல, மொத்தத்துல பூமிக்குள்ள ஒரு பெரிய புனல் கவுத்தாம நிக்கிற மாதிரி. இந்த புனலோட விளிம்பு உங்க கிணத்தை தொட்டுச்சா இல்லையா, அதுதான் கேள்வி.

3 கிலோமீட்டர்ங்கறதை மட்டும் வச்சு பதில் சொல்ல முடியாது. பூமி அடுக்கு அடுக்கா இருக்கு. உங்க கிணறு மேல இருக்கிற வண்டல்ல இருக்கா, இல்ல கீழ பாறையிலயா? சுரங்கம் எந்த அடுக்குலேர்ந்து இறைக்குது? நடுவுல கெட்டியான களிமண் அடுக்கு இருந்தா 500 மீட்டர்லயே கூட ஒண்ணும் தெரியாம போகலாம். ஆனா உங்க போரும் சுரங்கமும் ஒரே அடுக்குல இருந்து, அந்த அடுக்கு மேலயும் கீழயும் களிமண் மூடி அழுத்தத்தோட நிக்கிறதா இருந்தா, அழுத்தக் குறைவு பல கிலோமீட்டர் சீக்கிரமே வந்துடும். மேல திறந்து கிடக்கிற வண்டல்ல அது நத்தை மாதிரி வரும், வருஷக்கணக்கு ஆகும். அதனால சுரங்கம் ஆரம்பிச்ச வருஷம் ஒண்ணும் ஆகலைங்கறது ஆதாரமே இல்ல.

இப்ப நீங்க செய்யக்கூடியது. அளந்து எழுதி வைங்க. இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன், சலிப்பா இருந்தாலும் சொல்லுவேன். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல எனக்கு ஒரு டேப் குடுத்தாங்க, தண்ணியை தொட்டா பீப்னு சத்தம் போடும். ஒரு பள்ளத்தாக்குல நாப்பது போர்ல வாரம் ஒரு தடவை அந்த டேப்பை விட்டு சத்தம் வர்ற இடத்துல விரலால பிடிச்சு மீட்டர் சென்டிமீட்டர் எழுதுறது, அவ்வளவுதான் வேலை. ரெண்டு வருஷம் கழிச்சு அதை கிராஃபா போட்டு பக்கத்துல மழை அளவையும் போட்டப்போ, தூரத்துல இருந்த போர் எல்லாம் மழை பெஞ்சா ஏறுது, கோடையில இறங்குது, நல்லா மூச்சு விடுற மாதிரி இருக்கு. சுரங்கத்து பக்கம் இருந்த ஏழு போர் மட்டும் மழை பெஞ்சாலும் ஏறல. நல்ல மழை வருஷத்துலயும் ஒரே நேர்கோடா கீழ போச்சு. அந்த கோட்டை பாத்தப்புறம் யாரும் மழை இல்லைன்னு சொல்லல.

அதனால உங்க கிணத்தை மட்டும் அளக்காதீங்க, சுரங்கத்துக்கு ரொம்ப தள்ளி அதே மாதிரி மண்ணுல, அதே ஆழத்துல இருக்கிற இன்னொரு கிணத்தையும் சேர்த்து அளங்க. ரெண்டும் சேர்ந்தே இறங்கினா மழைதான் காரணமா இருக்கும், இல்ல சுத்தி எல்லாரும் போர் போட்டு இறைக்கிறது காரணமா இருக்கும், அதையும் மறைக்காம ஒத்துக்கணும். உங்களுது மட்டும் இறங்கினா பேச ஒரு ஆதாரம் இருக்கு. ஒரு நாள் அளவை வச்சு மட்டும் சண்டைக்கு போகாதீங்க, ஆழமான போர்ல காத்தழுத்தம் மாறினாலே சில சென்டிமீட்டர் ஏறி இறங்கும்.

கே: சுரங்கக்காரங்க "ஆத்துலேர்ந்து ஒரு சொட்டு கூட எடுக்கல, நிலத்தடி நீரை மட்டும்தான் இறைக்கிறோம்"ங்கறாங்க. சரிதானே?

குழாய் ஆத்துல இல்லைங்கற வரைக்கும் சரி. தைஸ்னு ஒரு அமெரிக்க நீரியல் அறிஞர் 1940-லயே இதுக்கு பதில் எழுதிட்டார். பூமியிலேர்ந்து இறைக்கிற தண்ணி எங்கேர்ந்தாவது வந்தே ஆகணும்: முதல்ல பூமிக்குள்ள சேர்ந்து கிடக்கிற இருப்புலேர்ந்து வரும், நாளாக ஆக, ஆத்துக்கு போக வேண்டியதுலேர்ந்தோ ஆத்துலேர்ந்தோ வரும்.

மழை இல்லாத மாசத்துலயும் ஆத்துல தண்ணி ஓடுதுன்னா அது யார் குடுக்கிறது? ரெண்டு கரையிலேர்ந்தும் நிலத்தடி நீர் மெதுவா கசிஞ்சு ஆத்துக்குள்ள வருது. சுரங்கத்தோட புனல் ஆத்துப் பக்கம் வந்தா முதல்ல இந்த கசிவு குறையும், அப்புறம் நின்னு போகும், அதுக்கப்புறம் திசையே மாறி ஆத்துத் தண்ணி பூமிக்குள்ள இறங்க ஆரம்பிக்கும். வெள்ளக் காலத்துல பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. கோடையில போய் பாருங்க, ஓடிட்டிருந்த இடத்துல குட்டை குட்டையா நிக்கும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப பேர் யோசிக்கறதில்ல. ஆத்துலேர்ந்து தள்ளி இருக்கிற சுரங்கம்னா, பம்பை நிறுத்தின அப்புறமும் கொஞ்ச காலம் ஆத்துக்கு ஏற்படுற இழப்பு கூடிட்டே போகலாம், ஏன்னா அந்த புனல் இன்னும் நிரம்பிட்டிருக்கும், நிரம்புறதுக்கு தண்ணி வேணும்ல.

கே: எங்க ஆத்துல சுரங்கம் வந்தப்புறம் கோடையிலயும் தண்ணி நிறைய ஓடுது. அப்ப சுரங்கம் நல்லதுதானே?

இந்த கேள்வி கேட்டவங்களுக்கு நன்றி, ஏன்னா இதுதான் இருக்கிறதுலயே ஏமாந்து போற இடம். அந்த தண்ணி பூமிக்குள்ள சேர்த்து வச்ச சேமிப்பு. அதை எடுத்து ஆத்துல விட்டா ஆறு நிறைஞ்சு ஓடத்தான் செய்யும், சேமிப்பை செலவு பண்ற வரைக்கும் வீடு செழிப்பா இருக்கிற மாதிரி.

ஜெர்மனியில ஸ்ப்ரே ஆறு இருக்கு, பெர்லின் வழியா போற ஆறு. மேல லவுசிட்ஸ் பகுதியில நூறு வருஷத்துக்கு மேல பழுப்பு நிலக்கரி எடுக்கிறாங்க, இறைச்ச தண்ணி எல்லாம் ஸ்ப்ரேக்குத்தான் போகுது. வறண்ட கோடை மாசத்துல சில இடத்துல ஆத்துத் தண்ணியில பாதிக்கு மேல சுரங்கத் தண்ணிதான்னு அவங்க சுற்றுச்சூழல் துறை ஆய்வே சொல்லுது. 2038-க்குள்ள நிலக்கரியை நிறுத்தறதுன்னு அந்த நாடு சட்டம் போட்டிருக்கு. நிலக்கரியை நிறுத்தினா பம்பு நிக்கும், பம்பு நின்னா ஆறு? பெர்லின் குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு இந்த ஆத்தை நம்பித்தான் இருக்கு. அதனால வேற ஆத்துலேர்ந்து தண்ணி கொண்டு வரலாமா, புது ஏரி கட்டலாமான்னு இப்ப மண்டையை உடைச்சிட்டிருக்காங்க. அதே நாட்டுல மேற்கு பக்கம் எர்ஃப்ட்னு ஒரு சின்ன ஆறு, அது பல வருஷமா சுரங்கத்துலேர்ந்து வர்ற வெதுவெதுப்பான தண்ணியால பெருத்து ஓடுது. பம்பு நின்னதும் அது பழையபடி சின்ன ஆறா சுருங்கணும், அதுக்கு ஏத்த மாதிரி ஆத்துப் படுகையையே மாத்தி அமைக்கிற வேலை நடக்குது.

அதனால உங்க ஆத்துல இப்ப ஓடுற தண்ணியை நம்பி புதுசா பாசனத்தை விரிக்காதீங்க. சுரங்கத்துக்கு இன்னும் எத்தனை வருஷம்னு கேளுங்க. அந்த தேதிதான் உங்க ஆத்துக்கும் தேதி.

கே: சுரங்கத் தண்ணி ஏன் உப்பா இருக்கு? ஆத்துல விடலாமா?

நிலக்கரி உருவான காலத்துல பல இடத்துல பக்கத்துல கடல் இருந்திருக்கு, அந்த உப்பு பாறைக்குள்ள கோடிக்கணக்கான வருஷமா அப்படியே தங்கிடுச்சு. அதுபோக, தோண்டி வெளிய கொட்டுற மேல்மண்ணும் பாறையும் உடைஞ்சு தூளா கிடக்கிறதால மழைத் தண்ணி அதுல பூந்து உப்பை எல்லாம் கரைச்சுக்கிட்டு வரும்.

விடலாமாங்கறதுக்கு ஆஸ்திரேலியாவுல ஹன்டர் ஆத்துப் பள்ளத்தாக்குல ஒரு ஏற்பாடு பண்ணினாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு. அங்க நிலக்கரிச் சுரங்கம், மின் நிலையம், திராட்சை, மாட்டுப் பண்ணை எல்லாம் ஒரே ஆத்தை நம்பி இருக்கு. ஆளாளுக்கு உப்புத் தண்ணியை விட்டா கோடையில ஆறு உப்பாயிடும், விவசாயிங்க போராடினாங்க. 1995-ல சோதனையா ஒரு முறை கொண்டு வந்தாங்க: ஆத்துல தண்ணி கம்மியா ஓடுறப்ப ஒரு சொட்டு கூட விடக்கூடாது. தண்ணி நிறைய போறப்ப மட்டும் விடலாம், அதுவும் அவங்கவங்க கையில இருக்கிற அனுமதிச் சீட்டு அளவுக்குத்தான். மொத்தம் 1000 சீட்டு, ஒரு சீட்டுன்னா ஆறு அன்னைக்கு தாங்கக்கூடிய உப்புல ஆயிரத்துல ஒரு பங்கு. சீட்டை வாங்கலாம் விக்கலாம். ஆத்துல உப்பு அளவு 900 மைக்ரோசீமென்ஸை (தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு பாத்து உப்பை அளக்கிற அலகு) தாண்டக்கூடாது, மேல்பகுதியில 600. ஆத்துல அங்கங்க அளக்கிற கருவி விடாம அளந்து அனுப்பிட்டே இருக்கு, ஆறு ஓடுற தண்ணியை ஒரு ஒரு நாள் துண்டா பிரிச்சு இந்த துண்டுல இவ்வளவு உப்பு போகலாம்னு கணக்கு போடுறாங்க.

இதுல எனக்கு முக்கியமா படறது, இன்னைக்கு ஆறு எவ்வளவு தாங்கும்னு முதல்ல ஆத்தைப் பாத்து முடிவு பண்றாங்க, தொட்டி நிரம்பிடுச்சா இல்லையாங்கறதைப் பாத்து இல்ல. ஆனா இது உப்பை சமாளிக்கிற முறை மட்டும்தான், நான் முதல்ல சொன்ன புனலுக்கு இது மருந்து கிடையாது.

கே: பழைய சுரங்கத்து வாய்லேர்ந்து வர்ற ஓடை ஆரஞ்சு கலர்ல இருக்கு. என்ன சார் அது, தொடலாமா?

மாடு கன்னுங்களை அந்த தண்ணியை குடிக்க விடாதீங்க, முதல்ல அதை சொல்லிடறேன்.

பாறைக்குள்ள பைரைட்னு ஒரு கனிமம் இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, தங்கம் மாதிரி மின்னும். பூமிக்குள்ள தண்ணிக்கு அடியில காத்து படாம இருக்கிற வரைக்கும் அது சாதுவா கிடக்கும். சுரங்கம் தோண்டி தண்ணியை இறைச்சதும் காத்து உள்ள போகுது, காத்தும் தண்ணியும் பட்டா பைரைட் கந்தக அமிலமா மாறும், இரும்பு கரைஞ்சு வெளிய வரும். இந்த வேலையை பல மடங்கு வேகப்படுத்துற பாக்டீரியாவும் அங்கயே இருக்கு. அந்த அமிலம் போற வழியில பாறையில இருக்கிற துத்தநாகம், செம்பு, காட்மியம், ஆர்சனிக் எது இருந்தாலும் கரைச்சு எடுத்துட்டு வந்துடும்.

ஒரு தடவை அந்த மாதிரி சுரங்க வாய்க்கு பக்கத்துல நின்னு பாட்டில்ல தண்ணி பிடிச்சேன், கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தது, கூட வந்த பையன் இது நல்ல தண்ணி சார்ன்னான். பத்து இருபது மீட்டர் தள்ளி அதே ஓடையில கல்லு எல்லாம் ஆரஞ்சு. ஒரு கல்லை பிரட்டிப் பாத்தேன், சாதாரண ஓடையில கல்லுக்கு அடியில ஏதாவது பூச்சிப் புழு நெளியும், அங்க ஒண்ணும் இல்ல, வழவழன்னு ஒரு பூச்சு மட்டும். பாட்டிலை மேஜை மேல வச்சிட்டு மறுநாள் காலையில பாத்தா தெளிவா இருந்த தண்ணி கலங்கி அடியில ஆரஞ்சு சேறு. கரைஞ்சிருந்த இரும்பு காத்து பட்டு துருவா மாறினதுதான் அது, அப்படி மாறுறப்ப தண்ணியோட அமிலம் இன்னும் கூடும். அதனாலதான் அமில அளவை ஓடையிலயே நின்னு அளக்கணும், லேபுக்கு அனுப்பி மூணு நாள் கழிச்சு வர்ற நம்பர் வேறயா இருக்கும். தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னு நினைக்கவே நினைக்காதீங்க, எதுவும் உயிர் வாழ முடியாத தண்ணியும் தெளிவாத்தான் இருக்கும்.

இது எவ்வளவு காலம் வரும்னா, சொல்லவே கஷ்டமா இருக்கு. ஸ்பெயின்ல ரியோ டின்டோ ஆத்துக் கரையில சுரங்க வேலை ஆயிரக்கணக்கான வருஷமா நடந்திருக்கு, ஆறு இன்னும் சிவப்பாத்தான் ஓடுது. இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் வீல் ஜேன்னு ஒரு தகரச் சுரங்கம், 1991-ல மூடி பம்பை நிறுத்தினாங்க, உள்ள தண்ணி ஏறிச்சு, 1992 ஜனவரியில உடைச்சுக்கிட்டு வந்து கார்னன் ஆறு, அது போய் சேர்ற கழிமுகம் எல்லாம் ஆரஞ்சு ஆச்சு. அமெரிக்காவுல கோல்ட் கிங் சுரங்கத்துல 2015 ஆகஸ்ட்ல சுத்தம் பண்ணப் போன இடத்துலயே அடைப்பு உடைஞ்சு 1 கோடி லிட்டருக்கு மேல அனிமாஸ் ஆத்துல கலந்துச்சு. ரெண்டுலயும் சுரங்கம் வேலை நின்னு போன சுரங்கம்தான், கவனிங்க.

சரி பண்ண வழி இருக்கு, சுண்ணாம்பு கலந்து அமிலத்தை முறிக்கலாம், நாணல் வளர்ற சதுப்பு மாதிரி அமைச்சு மெதுவா ஓட விடலாம். சுண்ணாம்பு வேலை செய்யுது, ஆனா தினமும் போடணும், நாளைக்கும் போடணும், உங்க பேரன் காலத்துலயும் போடணும், வர்ற சேத்தை எங்கயாவது கொட்டணும்.

கே: ஆத்துக்கு பக்கத்துல தோண்டினா ஆறே உள்ள பூந்துடுமா?

பூந்திருக்கு. 1959 ஜனவரியில அமெரிக்காவுல சஸ்குவெஹானா ஆத்துக்கு அடியில நிலக்கரிச் சுரங்கத்தை ஆத்துப் படுகைக்கு ரொம்ப பக்கம் வரைக்கும் தோண்டினாங்க, ஆறு உடைச்சுக்கிட்டு உள்ள போச்சு, 12 பேர் செத்தாங்க, ஆத்துல சுழிச்ச ஓட்டையை அடைக்க ரயில் பெட்டிகளை தள்ளி விட்டாங்க. 2012-ல ஆஸ்திரேலியாவுல யல்லூர்ன் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு நடுவுல கரை கட்டித் திருப்பி விட்ட மோர்வெல் ஆறு கரை உடைஞ்சு குழிக்குள்ளயே கொட்டிச்சு. நம்ம நாட்டுல தாமோதர் பள்ளத்தாக்குல சாஸ்நாலாவுல 1975 டிசம்பர் 27 அன்னைக்கு ஆறு பூரல, பக்கத்துல கைவிட்ட பழைய சுரங்கத்துல தேங்கி நின்ன தண்ணி சுவரை உடைச்சுக்கிட்டு வந்துச்சு, 375 பேர். பழைய சுரங்கம் எது வரைக்கும் தோண்டியிருக்குங்கற மேப் சரியா இருக்கணும், இதுல தப்பு நடந்தா திருத்த நேரமே கிடையாது.

கீழேர்ந்தும் வரும். நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட தண்ணி நிக்கிற இடங்கள்ல மேல பாரத்தை எடுத்ததும் குழியோட தரை மேல உப்பும். நெய்வேலியில லிக்னைட்டுக்கு அடியில இருக்கிற ஆர்ட்டீசியன் நீரை விடாம இறைக்கிறது இதுக்காகத்தான்.

கே: எங்க ஊருக்கு மேல சுரங்கக் கழிவுச் சேத்து அணை இருக்கு. இப்ப அதுல சேறு விடறதில்லையாம். பயப்பட வேண்டாம்ல?

பிரேசில்ல புருமாஜின்யூ அணையும் சேறு விடறதை நிறுத்தி வச்சிருந்த அணைதான். 2019 ஜனவரி 25 மதியம் உடைஞ்சு 270 பேர் செத்தாங்க, சேறு பராவோபேபா ஆத்துல போய் சேர்ந்துச்சு. உள்ள தண்ணி சரியா வடியாம ஊறிக் கிடந்தா சேறு ஒரு நொடியில கஞ்சி மாதிரி ஆயிடும். அணை சுவரை எப்படி உயர்த்தினாங்கன்னு கேளுங்க. படிஞ்ச சேத்து மேலயே அடுத்த சுவரை ஏத்தியிருந்தா அதுதான் ரொம்ப ஆபத்தான வகை, பிரேசில் அதை தடையே பண்ணிடுச்சு. உள்ள நீர்மட்டம் அளக்கிற குழாய் இருக்கா, அந்த அளவை யார் பாக்கறாங்க, உடைஞ்சா சேறு எத்தனை நிமிஷத்துல உங்க வீட்டுக்கு வரும், எந்தப் பக்கம் ஓடணும், இதுக்கெல்லாம் எழுத்துல பதில் வாங்காம விடாதீங்க.

கே: சுரங்கம் முடிஞ்சதும் ஏரியா மாத்தி தரோம்ங்கறாங்க, படகு விடலாமாம். நடக்குமா?

சில இடத்துல நடக்கும். ஆனா குழி தானா நிரம்ப பல பத்து வருஷம் ஆகும், ஜெர்மனியில ஹம்பாக் குழியை ரைன் ஆத்துலேர்ந்து குழாய் போட்டு நிரப்பறதுக்கே சுமார் 40 வருஷம்னு திட்டம். ரைன் மாதிரி பெரிய ஆறு உங்க பக்கத்துல இருக்கா? மழையை விட வெயில்ல ஆவியாகுறது அதிகமா இருக்கிற ஊர்ல அந்த ஏரி என்னைக்கும் நிரம்பாது, சுத்தியிருக்கிற நிலத்தடி நீரை காலத்துக்கும் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், உப்பு வருஷத்துக்கு வருஷம் கூடும்.

அமெரிக்காவுல பியூட் நகரத்து செம்புக் குழியில 1982-ல பம்பை நிறுத்தினாங்க, அமிலத் தண்ணி ஏற ஆரம்பிச்சுது, 1995-ல அதுல இறங்கின நூத்துக்கணக்கான வாத்துங்க செத்து மிதந்துச்சு. அந்த தண்ணி ஒரு மட்டத்துக்கு மேல ஏறினா பக்கத்து ஓடைக்கு கசியும்ங்கறதால இப்ப இறைச்சு சுத்தம் பண்றாங்க, முடிவு தேதி இல்லாத வேலை. ஜெர்மனியில ரூர் பகுதியில கடைசி கரிச் சுரங்கத்தை 2018-ல மூடினாங்க, ஆனா பம்பை மூட முடியல. அங்க சில இடத்துல நிலமே 20 மீட்டருக்கு மேல இறங்கிப் போச்சு, இறைக்கிறதை விட்டா ஊர் முழுகிடும். அதுக்கு ஜெர்மன் மொழியில வச்சிருக்கிற பேருக்கு அர்த்தமே "நித்தியச் சுமை"தான், அதை சுமக்கறதுக்குன்னே 2007-ல ஒரு அறக்கட்டளை வச்சாங்க.

கே: புது சுரங்கத்துக்கு கருத்துக் கேட்பு கூட்டம் வருது. நான் காலேஜ் படிக்கிறேன், என்ன கேக்கணும்னு சொல்லுங்க சார்.

தோண்டறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷ நீர்மட்ட அளவு இருக்கான்னு கேளும்மா, கோடையும் மழையும் சேர்த்து. அது இல்லைன்னா அப்புறம் எந்த இழப்பையும் நிரூபிக்க முடியாது. கம்ப்யூட்டர் மாடல் போட்டிருப்பாங்க, அதுல களிமண் அடுக்கு எவ்வளவு தண்ணி விடும்னு ஒரு எண்ணை போட்டிருப்பாங்க, அந்த எண் எத்தனை போர்ல சோதிச்சு வந்ததுன்னு கேளு. பக்கத்துல ஏற்கனவே இருக்கிற சுரங்கத்தையும் சேர்த்து கணக்கு போட்டாங்களான்னு கேளு, ஏன்னா ஒவ்வொரு அறிக்கையும் தன்னோட புனலை மட்டும்தான் வரையும், ஆறு எல்லாத்தையும் சேர்த்துத்தான் தாங்குது. பம்பு நிக்கிற அன்னைக்கு என்ன திட்டம், அதுக்கான பணம் இப்பவே தனியா எடுத்து வச்சாச்சா, கம்பெனி திவாலானா யார் இறைப்பாங்கன்னு கேளு. பதிலை கூட்டக் குறிப்புல எழுத வை.

கே: கிணத்து மட்டம் அளக்க டேப் இல்ல, வேற வழி? எப்ப அளக்கணும்?

நீட்டாத கயிறு, நுனியில ஒரு கனம், அது தண்ணியை தொடுற சத்தம் கேட்டா போதும். காலையில மோட்டார் போடுறதுக்கு முன்னாடி, வாரம் ஒரு நாள், அதே நாள். கிணத்து விளிம்புல பெயின்ட்ல ஒரு கோடு போட்டுக்கோங்க, எப்பவும் அந்த கோட்டுலேர்ந்தே அளக்கணும். தேதி, அளவு, அந்த வாரம் மழை பெஞ்சுதா, முந்தின நாள் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடிச்சு, நாலையும் ஒரே நோட்டுல எழுதுங்க. மாசம் ஒரு தடவை அந்த பக்கத்தை போன்ல போட்டோ எடுத்து வைங்க.